தொடாத ஒயினும் ஒரு துண்டு இலிஷும்

ஒரே ஒரு ஊரிலே ஒரு ஒயின் பாட்டில் இருந்ததாம். அதை விற்க ஒரு பொய்யன் இருந்தானாம். ஊர் கல்கத்தா, பாட்டில் பிரெஞ்சு, பொய்யன் நான். எங்கள் தொழிலுக்கு நாக்கு வேண்டும் என்பார்கள். நான் வெறும் வாயை வைத்தே மூன்று மாதம் ஓட்டினேன். தொடாத சரக்கைப் புகழ்ந்து விற்றவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கிட்டே வாருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற விஷயமில்லை இது.

சட்டை குடித்தது

டாக்குரியாவில் ஓர் உணவகம். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று வருகிறவர்களுக்குச் சொல்வது என் வேலை. முதல் நாள் பயிற்சியில் ஆளுக்கொரு கோப்பை சிவப்பு ஒயின் கொடுத்தார்கள். முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, வாளியில் துப்ப வேண்டும்.

தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட்டில் அப்பளக்கடை வைத்திருக்கிற குடும்பம் எங்களுடையது. டம்ளரில் உதடு பட்டால் அம்மா முறைப்பாள். பழக்கதோஷம், கை தானாக உயர்ந்தது, அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். அகலமான கோப்பை, சொம்பு மாதிரி ஒரே தாரையாக விழவில்லை. மூக்கு, கழுத்து, வெள்ளைச் சட்டை எல்லாம் குடித்தன. எனக்கு ஒரு சொட்டு கிடைக்கவில்லை. இன்னொரு கோப்பை கேட்கக் கூச்சம். மேனேஜர் ஷுபோ-தா (தா என்றால் அண்ணன்) என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பெயருக்கு நேரே டிக் போட்டார்: "சட்டைக்குப் பிடிச்சிருக்கு. உனக்கும் பிடிச்சிருக்கும்."

ஈர மண்

அதற்கப்புறம் ருசி பார்க்கக் கேட்டால், "அன்னிக்கே ஏன் சொல்லலை?" என்பார்களே! அந்தச் சிவப்பு ஒயினுக்கென்று அச்சடித்த அட்டையை மனப்பாடம் செய்துகொண்டேன். முன்பக்கம்: பிளம், புகையிலை, ஈர மண், ஆட்டுக்கறியோடு அருமை. பின்பக்கம்: எண்ணெய்ச் சத்துள்ள மீனோடு வேண்டாம். மதுரையிலிருந்து புதிதாக வந்த ஐ.டி. பையன் ஒருவனிடம் முன்பக்கத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவன் கோப்பையை முகர்ந்தான், என்னைப் பார்த்தான். "பாஸ், மண் வாசனை அடிச்சா எங்க வீட்டுல கீரையைத் திரும்பக் கழுவச் சொல்வாங்க."

மாஷிமாவின் பிறந்தநாள்

இதைச் சொல்லத்தான் இவ்வளவும். ஒரு மழைநாள் மதியம் வயதான தம்பதி வந்தார்கள். அந்த அம்மாவை வங்காளி வழக்கப்படி மாஷிமா, அதாவது சித்தி, என்றே கூப்பிட்டேன்; அவருக்கு அன்று எழுபதாவது பிறந்தநாள். கடுகு அரைத்து விட்ட, எண்ணெய் வழிகிற இலிஷ் மீன், அந்த வருஷத்தின் முதல் இலிஷ். "கூட ஒயின் குடிச்சே ஆகணும்னு வெளிநாட்டுல இருக்கிற பிள்ளை உத்தரவு போட்டிருக்கான்" என்று மாஷிமா சிரித்தார். எது சரியாக இருக்கும் என்று என்னைக் கேட்டார்.

அட்டையின் பின்பக்கம் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த வாரம் சிவப்பை விற்றுத் தள்ளினால்தான் வேலை நிரந்தரம் என்று ஷுபோ-தா சொன்னதும் ஞாபகம் இருந்தது. "சிவப்பே எடுங்க மாஷிமா. இலிஷோட நானே சாப்பிட்டுப் பார்த்திருக்கேன்" என்றேன். மீன் வாசனைக்கே ஒதுங்குகிற வீட்டில் வளர்ந்தவன் நான்.

ஒரு வாய் மீன், ஒரு மடக்கு ஒயின். அவர் முகம் சுருங்கியது. "வாயெல்லாம் துருப்பிடிச்ச சாவி மாதிரி இருக்கு" என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னார். தண்ணீர் குடித்தார், வெறும் சோறு ஒரு கவளம் சாப்பிட்டார். மறுபடி மீனைத் தொட்டார், அதே முகம். இலிஷ் பாதிக்கு மேல் தட்டிலேயே கிடந்தது.

"நீ மீன் சாப்பிடுவியா?" என்று கேட்டார்.

"இல்லை மாஷிமா."

"ஒயின்?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

கூடத்தில் வேறு யாரும் இல்லை. கணவர் குடையை விரித்துக்கொண்டு முன்னால் இறங்கினார். மாஷிமா வாசலில் நின்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். "கோபம் இல்லை பாபா. உன் வயசுல தெரியாதுன்னு சொல்றது கஷ்டம்தான். என் வயசுல ஒரு இலிஷ் வீணாப்போறது அதைவிடக் கஷ்டம்."

அவரும் படியிறங்கிப் போய்விட்டார். விற்கிறவனுக்கு ருசி தெரியாவிட்டாலும் வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடுகிறதே, அதுதான் இந்தத் தொழிலில் ஒரே சங்கடம்.