குவைத்துக்கு முன்னால் ஒரு பொட்டல்: உஸ்ஸங்கொட போய் வந்தோம்

போன பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் அண்ணியும் இலங்கையின் தென்கரையில் இருக்கும் உஸ்ஸங்கொட தேசிய பூங்காவுக்குப் போய் வந்தோம். யானை பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். யானை வேண்டுமென்றால் பாதி வழியிலேயே உடவளவைக்குத் திரும்பிவிடலாம். நாங்கள் போனது மரம் இல்லாத, செக்கச் செவேலென்று கிடக்கும் ஒரு பொட்டலைப் பார்க்க.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அண்ணி மல்லிகா கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். குவைத்தில் வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் ஒருவர் மூலமாக பாஸ்போர்ட், மெடிக்கல் எல்லாம் முடிந்துவிட்டது. வருகிறேன் அல்லது வரவில்லை என்று திங்கட்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போனால் இரண்டு வருஷம். சுவரோடு நின்றுபோன வீட்டுக்குக் கூரை போட்டுவிடலாம். அண்ணனோ போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே மனுஷன்!

அண்ணிக்கு இருந்த பயமே வேறு. ஏற்கெனவே அங்கே போன ஒரு பெண், தான் வேலை செய்யும் வீட்டு ஜன்னலிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். மணல், வெயில், அவ்வளவுதான். அண்ணி அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்.

"பொறந்ததுலேருந்து பச்சையப் பாத்தே வளந்த கண்ணு கலா. ஒரு மரங்கூட இல்லாத எடத்துல நான் இருந்துருவேனா?"

"அதுக்கு எதுக்கு குவைத் வரைக்கும் போகணும்? பஸ்ஸுல ஏறுங்க அண்ணி, நாலு மணித்தியாலத்துல காட்டுறேன்" என்றேன். நான் கஹவத்தை டவுனில் போன் கார்ட், போட்டோகொப்பி என்று ஓடும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். லீவு நாளில் பஸ் ஏறுவதுதான் என் பைத்தியம். வாகனம் இல்லாதவர்களுக்காகத்தான் இந்தப் பக்கத்தையும் எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு எம்பிலிப்பிட்டிய பஸ். ஆளுக்கு 210 ரூபாய். கொடகவெல வரை ரப்பரும் தேயிலையும் கூடவே வரும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். பல்லேபெத்தவைத் தாண்டியதும் தென்னை, வாழை, வயல். ஜன்னலில் வருகிற காற்றே சூடாகிவிடும். எட்டு மணிக்கு எம்பிலிப்பிட்டியவில் இறங்கி ரொட்டியும் லுணுமிரிஸ் என்கிற மிளகாய்ச் சம்பலும் சாப்பிட்டோம். உறைப்பு மண்டைக்கு ஏறியது. அடுத்தது நோனாகம சந்திக்கு பஸ், 120 ரூபாய், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. சந்தியிலிருந்து தங்காலைப் பக்கமாக ஆறேழு கிலோமீட்டர். அதற்கு த்ரீவீல்தான் வசதி. போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட 1,500 ரூபாய்க்குப் பேசினோம்.

இந்த இடத்தில் எங்கள் மடத்தனத்தையும் எழுதியே ஆக வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரேயொரு சின்னப் போத்தல் தண்ணீர்தான் எடுத்துப் போயிருந்தோம். அந்த ரொட்டி உறைப்புக்கு எம்பிலிப்பிட்டியவிலேயே அது காலி. திரும்ப நிரப்ப வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. எங்கள் மலையில் எந்த முடக்கில் திரும்பினாலும் ஒரு பீலியில் ஊற்றுத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். கையை ஏந்திக் குடித்துவிட்டு நடப்போம். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிச் சுமப்பதெல்லாம் டவுன்காரர் வேலை என்று ஒரு நினைப்பு. காலிப் போத்தலை ஆட்டிக்கொண்டு, "இங்க பீலி எந்தப் பக்கம்?" என்று அண்ணி சிங்களத்தில் கேட்டதும் த்ரீவீல்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"நங்கி, இங்க மழையே எப்பவாவதுதான். இதைக் கொண்டு போங்க" என்று தங்கச்சி முறை வைத்துத் தன்னுடைய பெரிய போத்தலைத் தூக்கிக் கொடுத்தார். புண்ணியவான். வழி முழுக்கக் கதையும் சொன்னார். இராவணன் விமானம் இறங்கிய இடமாம். அனுமார் வாலில் வைத்த நெருப்பில் வெந்துதான் மண் இப்படிச் சிவந்து போனதாம்.

"ராவணன் வந்து எறங்கின எடத்துல நாம த்ரீவீல்ல வந்து எறங்குறோம் பாரு" என்றார் அண்ணி. பயத்தை மறைக்கத்தான் அந்தப் பகிடி என்று எனக்குத் தெரியும்.

வாசலில் இறங்கி முள்மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். நிழல் திடீரென்று முடிந்துவிடும். அதற்கு அப்பால் சிவப்பு. அம்மாடியோ! குங்குமத்தைக் கொட்டிப் பரப்பிய மாதிரி ஒரு மைதானம், தூரத்தில் நீலமாகக் கடல், நடுவில் ஒன்றுமே இல்லை. குனிந்து பார்த்தால்தான் தெரியும், தரையோடு தரையாகச் சின்னச் சின்னச் செடிகள் படர்ந்திருப்பது. அவற்றில் மூக்குத்தி அளவுக்கு நீலப் பூ. மிதிக்காமல் நடங்கள். கடல் பக்கம் மண் அறுந்து செங்குத்தாக விழுகிறது, விளிம்புக்குப் போகாதீர்கள். மண்ணையோ கல்லையோ அள்ளிப் பையில் போடவும் வேண்டாம், அது காப்பகம்.

சுற்றிப் பார்த்து முடித்ததும் அண்ணி ஒரு விஷயம் கேட்டார்.

"நீ போய் அந்த மரத்தடியில உக்காரு. ஒரு மணித்தியாலத்துக்கு வராத. நான் தனியா இருந்து பாக்கணும்."

நான் போய் உட்கார்ந்தேன். சிவப்புக்கு நடுவில் அண்ணி ஒரு புள்ளியாகச் சிறுத்துக்கொண்டே போனார். வெயில் பொசுக்கியது. எனக்கு உள்ளுக்குள் அழுகையாக வந்தது. நான்தானே பெரிய கெட்டிக்காரி மாதிரிக் கூட்டிக்கொண்டு வந்தேன்? இவருக்கு இந்த இடம் பிடித்துப்போனால், நாளைக்கு அந்த ஏஜென்ட்டுக்கு சரி என்று சொல்லிவிடுவாரே. போகாதீர்கள் என்று நானும்தான் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அரை மணித்தியாலம் ஆகியிருக்காது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேகமாக வந்தார்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"இல்லயே அண்ணி. கூப்பிட்டீங்களா?"

"தொண்ட கிழியக் கத்துனேன்டி. மண்ணு என்னைய ஒண்ணும் பண்ணல. வெயிலும் பண்ணல. அழகாத்தான் இருக்கு. ஆனா பேச ஆளில்ல. மலையில ஒரு சத்தம் குடுத்தா, நாலு நிரை தள்ளி எவளாவது என்னாடின்னு கேப்பா. கொழுந்தப் பாருங்க, வாயப் பாக்காதீங்கன்னு கங்காணி திட்டுவாரு. அவரு திட்டுறதுகூட ஒரு பேச்சுத்தானே? அங்க நாலு சுவத்துக்குள்ள நான் யாருக்குச் சத்தம் குடுக்குறது?"

போத்தலில் மிச்சமிருந்ததை மடமடவென்று குடித்தார். போனை எடுத்தார். "மஹத்தயா, மம யன்னே நே" என்றார், ஐயா, நான் போகவில்லை என்று. அந்தப் பக்கம் ஏஜென்ட் என்னென்னவோ சொன்னார். "ஓவ், ஓவ்" என்று ஆமாம் போட்டுக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

"கூரை?" என்று கேட்டேன்.

"பழைய தகரம் கெடக்குல்ல, அதப் போட்டுக் குடி போவோம். ஒழுகுனா சட்டி வைக்கிறது."

எனக்கு வந்த சந்தோஷத்தில் அண்ணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் மேலும் ஒரே சிவப்பு மண்.

போக நினைப்பவர்களுக்கு: காலை பத்து மணிக்கு முன்பு போய்விடுங்கள். ஆளுக்கு இரண்டு லீட்டர் தண்ணீர், தொப்பி அல்லது குடை, அடி தடித்த செருப்பு. உள்ளே கடை கிடையாது. எங்களிடம் நுழைவுக் கட்டணம் கேட்கவில்லை, ஆனால் விதி மாறலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது நோனாகமவிலிருந்து மாலை பஸ்களில் கூட்டம் நெரியும், மூன்று மணிக்கே புறப்பட்டுவிடுவது நல்லது. வெள்ளைத் துணி உடுத்திப் போனால் துவைக்கிறவர் சாபம் உங்களுக்குத்தான்.

நாங்கள் ஊர் வந்து சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பஸ் ஹோல்ட்டில் அண்ணன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"நான் போகல" என்றார் அண்ணி, இறங்கியதும் இறங்காததுமாக.

அண்ணன் அவரையே பார்த்தார். "நீ போயிருவேன்னுதான் நெனச்சேன்."

"வேணாம்னு சொல்ல வாயில்லையா உங்களுக்கு?" அண்ணி போட்ட சத்தத்தில் ஹோல்ட்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு கூரையப் போட வக்கில்லாதவன், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?" என்றார் அண்ணன்.

அத்தனை நாளும் நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த மனுஷன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணி தன் பையைக் கழற்றி அண்ணன் தோளில் மாட்டிவிட்டு, "நடங்க வீட்டுக்கு. கடல் எப்படி இருந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா?" என்றார். மேட்டுப் பாதையில் அவர் கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே முன்னால் ஏற, பின்னால் அண்ணன் ஒவ்வொரு வார்த்தைக்கும் ம் கொட்டிக்கொண்டே போனார்.