பெரட்டில் என் பேர்

தினமும் காலையில் வேலைக்குப் போனதும், நான் மனிதன்தான் என்று ஒரு கம்ப்யூட்டரிடம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை எனக்கு. டூட்டி நேரம் பதியப் போனால், 'நான் ரோபோ அல்ல' என்ற கட்டத்தைத் தொடச் சொல்லும். பிறகு ஒன்பது படங்களைக் காட்டி, புகைபோக்கி உள்ளதை மட்டும் பொறுக்கச் சொல்லும். கேரளத்துச் சூரியநெல்லியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவனுக்கு டீ ஃபேக்டரியின் ஒற்றைப் புகைபோக்கியை விட்டால் வேறென்ன தெரியும்? முதல் வருஷம் பலமுறை தோற்றேன். இப்போது கம்ப்யூட்டர் என்னை நம்பிவிடுகிறது. நம்பாமல் போனது என் ஊர்க்காரர்கள்தான்.

எங்கள் லயத்துக்காரர்களுக்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு உண்டு. ஊரில் இருப்பவர்கள், திருப்பூர், துபாய் என்று சிதறியவர்கள் எல்லோரும் அதில்தான். டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் முத்துப்பாண்டி அதன் அட்மின். போன வருஷம் அதில் புதுப்புது முகங்கள் நுழைந்தன. ஒருத்தி, தான் கொழுந்து எடுப்பவள் என்றாள். படத்தில், முதுகில் தொங்க வேண்டிய கொழுந்துக் கூடையை ஹேண்ட்பேக் மாதிரி தோளில் மாட்டியிருந்தாள். அட்டை கடிக்கிற மழையில் பட்டுப்புடவை வேறு! சிரித்திருக்க வேண்டும்; ஏமாந்தோம். என் நண்பன் கனகராஜின் மனைவி செல்வி மூன்று மாதம் அவளிடம் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் கொட்டியிருக்கிறாள். அப்படி ஒருத்தியே இல்லை, பேசியது மெஷின் என்று தெரிந்ததும் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அதிலிருந்து குழுவில் யாரும் யாரையும் நம்புவதில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் கனகு செத்துப்போனான். மாரடைப்பு. டூரிஸ்ட் ஜீப் ஓட்டியவன். எனக்குப் பக்கத்து வீடு. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மலையாளம்தான். தமிழ்நாட்டிலிருந்து போடிமெட்டு வழியாக வரும் பஸ்களின் போர்டைப் படித்துப் படித்துத்தான் இருவரும் தமிழ் எழுத்தைப் பிடித்தோம். குழுவில் செய்தியைப் பார்த்தபோது நான் ஒரு பெரியவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதியில் விட முடியுமா? முடித்துக்கொடுத்துவிட்டு, துணி அடுக்கும் அறைக்குள் போய் அழுதேன்.

அங்கேயே உட்கார்ந்து இரங்கல் எழுதினேன். மலையாளம் கலந்த என் தமிழைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. செத்த வீட்டில் இப்படியா எழுதுவது என்று போனில் உள்ள ஏஐயிடம் கொடுத்து, நன்றாக ஆக்கித் தரச் சொன்னேன். 'ஈடு செய்ய இயலாத இழப்பு' என்று தொடங்கிப் பளபளவென்று தந்தது. நான் எழுதிய ஒரு வரி மட்டும் அதில் இல்லை. கவனித்தேன். இல்லாதது நல்லது என்றுகூடத் தோன்றியது. அப்படியே போட்டேன்.

அரை மணி நேரத்தில், செத்த வீட்டுக்குள்ளும் மெஷின் வந்துவிட்டதென்று ஆளாளுக்கு ஏசினார்கள். குழுவில் இருந்த என் படமும் கடற்கரையில் முதுகு காட்டி நிற்பது. முத்துப்பாண்டி என்னை நீக்கிவிட்டான். செல்விக்குப் போன் போட்டேன்; குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். குரலையும்தான் மெஷின் செய்கிறதே. என் கனகுக்கு நான் அழுததை அவன் பெண்டாட்டியே நம்பவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இல்லத்தில் இருக்கும் நோரா அம்மாள் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். என்னை மெஷின் என்று நினைத்து வெளியே தள்ளிவிட்டார்கள் என்றேன். அவர், மெஷினை வைத்துக்கொண்டு என்னை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார். என் கையைத் தட்டிக்கொடுத்து, மேனேஜரிடம் தானே பேசுவதாகச் சொல்லி, இரண்டு பிஸ்கட்டும் தந்தார். விளக்க மனமில்லாமல் தின்றேன்.

கடைசியில் முத்துப்பாண்டியைப் போனில் பிடித்தேன். குழுவில் போலிகளைக் களைய ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பெரட்டு வைக்கிறோம், வாங்க என்றான். தோட்டத்தில் தினமும் காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு ஆள் எடுப்பதுதான் பெரட்டு. என் அம்மா முப்பது வருஷம் அதில் நின்று குரல் கொடுத்தவள்.

ஊரில் சாயங்காலம், இங்கே முற்பகல், போனைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற பஸ் ஸ்டாப்பில் தூறல். லயம் லயமாகப் பேர் கூப்பிட்டு வந்த முத்துப்பாண்டி, என் பேரில் நிறுத்தினான்.

"மொகமும் மெஷினு செய்யுதுண்ணே. நாங்க எப்படி நம்புறது?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த இரங்கல் மெஷின் திருத்தியதுதான், அழுதது மட்டும் நான் என்றேன். திரையின் மூலையில் செல்வி முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். விடுபட்ட அந்த வரியைச் சொன்னேன்.

"செல்வி, சாகுறதுக்கு முந்தின வாரம் கனகு மூணு தடவ கூப்பிட்டான். நான் எடுக்கல. டூட்டியெல்லாம் இல்ல. அசதியா இருந்துச்சு, அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்."

வெட்கமாக இருந்தது. செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பக்கத்துலதாண்ணே இருந்தேன். மூணு தடவதான்," என்றாள். "எடுக்கலன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முத்துப்பாண்டி, இது அண்ணன்தான். பேரக் கூப்பிடு."

அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

"ஆறாம் லயம், பாலமுருகன்."

அந்த நேரம் பார்த்து என் பஸ் வந்து நின்றது. கதவைத் திறந்து, ஏறுகிறாயா என்று டிரைவர் பார்த்தார். அவருக்கு இல்லை என்று கையாட்டிவிட்டு, தோட்டத்துக்கே கேட்கிற மாதிரி, என் அம்மா கொடுக்கும் குரலில் சொன்னேன்.

"இருக்கேன்."