வந்து சேர்ந்தீர்கள்

பேய், ஜின் என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் யாராவது கதை எடுத்தால் முதலில் சிரிப்பவன் நான். சோலார் வேலை செய்கிறவன். கரண்ட் வரவில்லையென்றால் எங்கோ ஒரு வயர் விட்டிருக்கிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று நினைக்கிற புத்தி. இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு வருவதில்லை, வெட்கம்தான் வருகிறது. நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

எங்கள் கம்பனியில் எல்லா வேலையும் போனில் ஒரு ஆப் வழியாகத்தான் வரும். புத்தளம் ஒபிஸில் இருக்கிற நிஸார் நானா என் பெயரில் ஒரு வேலையைப் போட்டால் என் போன் அடிக்கும். அரை மணித்தியாலத்துக்குள் 'ஏற்கிறேன்' என்று அழுத்தாவிட்டால் திரும்ப அடிக்கும், அதற்கும் அசையாவிட்டால் நானாவிடம் கோள் சொல்லிவிடும், மாமியார் தோற்றுப்போவாள். பிறகு 'புறப்பட்டேன்', 'வந்து சேர்ந்தேன்', 'முடித்தேன்' என்று ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒபிஸுக்கும் வேலை சொன்ன வீட்டுக்கும் செய்தி போகும். கடைசியில் வீட்டுக்காரர் என் போன் கண்ணாடியில் விரலால் கையெழுத்து வைக்க வேண்டும். ஆனால் நான் எங்கே நின்று அழுத்துகிறேன் என்பதை அது பார்ப்பதில்லை. அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம்கூடப் போகவில்லை.

உச்சமுனைத் தீவில் சிசிலியா அக்கா என்று ஒருவர். புருஷன் கடல் தொழிலாளி, சீனி வருத்தம், தினமும் ஊசி. அந்த இன்சுலினை வைக்கத்தான் சோலாரில் ஓடுகிற சின்ன பிரிட்ஜ். ஒருமுறை அது நின்றுபோய் எனக்கு வேலை வந்தது. வள்ளத்தில் போகப் பஞ்சிப்பட்டு, நாளைக்குப் பார்ப்போம் என்று கற்பிட்டியில் ஒரு கடையில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் அழுத்தினேன். அக்காவின் கையெழுத்தையும் நானே கிறுக்கினேன். மூன்றாம் நாள் போனபோது மருந்து பழுதாகி, மனிசனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"வந்து சேர்ந்ததா மெசேஜ் வந்திச்சு தம்பி, நான் கரையில போய் நிண்டு பாத்தனான்" என்றார் அக்கா.

"ஆப்புல ஏதோ பிழை அக்கா" என்றேன் நான். அவர் நம்பினார். மனிசன் பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ்.

இத்தோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, மச்சினிச்சியின் கல்யாணத்தன்று, பகல் பன்னிரண்டு மணிக்கு அதே பிரிட்ஜ், அதே வேலை. கோள் போய்விடக்கூடாதென்று ஏற்றுக்கொண்டேன். மிச்ச மூன்றையும் சாப்பாட்டுக்குப் பிறகு அழுத்தலாம், நாளைக் காலையில் போகலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் எனக்கு முன்னால் விரிப்பில் கிடந்தது. அது அடித்தது: 'புறப்பட்டீர்கள்.' என் வலது கை நெய்ச்சோற்றில், இடது கை மடியில். கொஞ்ச நேரத்தில் மறுபடி: 'வந்து சேர்ந்தீர்கள்.'

"போனை அங்கால வைங்க மச்சான், சோறு ஆறுது" என்றார் பக்கத்தில் இருந்தவர். வட்டிலப்பம் வரும்போது மூன்றாவது: 'வேலை முடிந்தது.' கை கழுவாமலே வெளியே போய் நிஸார் நானாவுக்கு எடுத்தேன்.

"நானா, நீங்க ஏதும் அழுத்தினீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? எல்லாம் ஒங்கட போன்லேருந்துதான் வந்த. அந்தப் பொம்புளட கையெழுத்தும் ஈக்கி."

திறந்து பார்த்தேன். கிறுக்கல் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக, நடுங்கிய விரலால், தமிழில் 'சிசிலியா' என்று இருந்தது.

இரவு நித்திரை இல்லை. விடிந்ததும் கற்பிட்டிக்கு ஓடினேன். வள்ளக்காரர், நேற்றுக் கடல் கொந்தளிப்பு, தான் யாரையுமே ஏற்றவில்லை என்றார். இன்று கடல் தணிந்திருந்தது, அவருடைய வள்ளத்திலேயே ஏறினேன்.

அக்கா என்னைக் கண்டதும் ஆச்சரியப்பட்டார். "என்ன தம்பி திரும்பியும்? பெட்டி நல்லா ஓடுதே." உள்ளே போய்ப் பார்த்தேன். ஓம், ஓடிக்கொண்டிருந்தது, இன்சுலின் குளிராக இருந்தது. பின்னால் புதிதாக ஒரு வயர் மூட்டு. நான் இடக்கைக்காரன், மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் வயரை முறுக்குவேன், சிலாபத்தில் இருக்கிற எங்கள் கம்பனிப் பொடியன்கள் அதற்காகவே என்னைப் பகிடி பண்ணுவார்கள். அந்த மூட்டும் எதிர்ப்பக்கமாகத்தான் முறுக்கியிருந்தது.

"இண்டைக்காவது தேத்தண்ணி குடிங்க. நேத்து நோன்பு எண்டு சொல்லி ஒரு மிடறும் குடிக்கயில்ல" என்றார்.

வியாழக்கிழமை நோன்பு என் வாப்பா பிடிப்பார், நான் பிடித்ததில்லை. நேற்று அந்த நேரம் நான் எத்தனை பிடி ஆட்டிறைச்சி தின்றேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அக்கா என் காலைப் பார்த்தார். நான் செருப்போடு உள்ளே வந்திருந்தேன். "நேத்து வாசல்ல கழட்டிப்போட்டுத்தான் வந்தீங்க" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, நான் சங்கடப்படுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, குரலை இன்னும் தாழ்த்தினார்.

"முந்தி வராம வந்ததாப் போட்டதுக்கு நீங்க அழுது மன்னிப்புக் கேட்டத நான் இவருக்கும் சொன்னனான். அத நாங்க மன்னிச்சிட்டம் தம்பி. இனி அத மனசில வைக்காதீங்க."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அது நானில்லை, நான் கல்யாண வீட்டில் தின்றுகொண்டிருந்தேன், ஆப்பில் பிழை என்று உங்களிடம் சொன்னதும் பொய் என்று. சொல்லவில்லை. "சரி அக்கா" என்றேன். நான் கேட்காத மன்னிப்பை வாங்கிக்கொண்டு, தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தேன். இன்றுவரை அவரிடம் வாய் திறக்கவில்லை. திறந்தால் அந்த மன்னிப்பும் போய்விடும் என்ற பயம்.

அதற்குப் பிறகு போகாத இடத்துக்கு நான் எதையும் அழுத்துவதில்லை. ஆனால் சில நாட்களில், மாம்புரியிலோ எலுவன்குளத்திலோ ஒரு வீட்டு வாசலில் நின்று 'வந்து சேர்ந்தேன்' என்று அழுத்தப் போனை எடுத்தால், அது ஏற்கெனவே அழுத்தப்பட்டிருக்கிறது. பத்து நிமிடத்துக்கு முன்னால். அப்போது நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போகத் துணிவில்லாமல், வீட்டுக்காரர் யாரோடாவது கதைத்துக்கொண்டிருக்கிறாரா என்று காது கொடுத்துக் கேட்டபடி நிற்கிறேன்.