முடிச்சூரில் ஒரு பீச் மாஸ்டர்

எங்கள் முடிச்சூர் தெருவில் ஜெபசீலன் வாயைத் திறந்தால் கடற்படைதான். வீரர்களையும் வண்டிகளையும் வேற்றுக் கரையில் கொண்டுபோய் இறக்கும் கப்பலில் வேலை பார்த்தவர். இப்போது காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜில் செக்யூரிட்டி சூப்பர்வைசர்.

முதலில் இறங்குகிறவன் இடத்தைப் பிடிப்பான், அடுத்தவன் வழியைச் சரிசெய்வான், மருந்தும் சாப்பாடும் பின்னால் வரும், ஆனால் கரையில் நிற்கிற பீச் மாஸ்டர் கைகாட்டாமல் ஒரு படகும் அசையாது, கேப்டனே ஆனாலும் சரி என்பார். முடிச்சூரில் ஏதுங்க கடல் என்று நாங்கள் அவரை ஓட்டாத நாளில்லை. அந்தக் கதை ஆரம்பித்தாலே அவர் மனைவி தபீதாள் டீச்சர் துணி மடிக்க எழுந்து போய்விடுவார்.

போன மழையில் ஏரி உடைந்து தெருவின் தாழ்ந்த பாதி முழுகிவிட்டது. ஜெபசீலன் டியூட்டி முடிந்து வந்தபோது தபீதாள் முழுகிய பக்கம் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில். போனும் எடுக்கவில்லை. மீனவர்கள் இரண்டு படகு கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான், என் வீடு, என் அம்மா என்று ஆளாளுக்குப் பாய்ந்தோம். நானும்தான். ஒரு படகு கவிழப் பார்த்தது.

ஜெபசீலன் போட்ட சத்தத்தில் எல்லோரும் கப்சிப். கயிறு பிடிக்க நாலு பேர், படகில் போக நீந்தத் தெரிந்தவர்கள், கரையில் நர்ஸ் ஜான்சி, கடைசியில் பாலும் பிரட்டும் என்று பிரித்தார். தான் மட்டும் கரையில் நின்றார். அடடா, படகுகள் போவதும் வருவதும் என்ன வேகம்! எங்களுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூச்சுத் திணறிய யக்ஞநாராயணன், கைக்குழந்தைகள், கர்ப்பிணி ஸஹானா என்று ஒழுங்காக வந்து இறங்கினார்கள்.

தபீதாள் மட்டும் எந்தப் படகிலும் இல்லை. ஒவ்வொன்று வரும்போதும் ஜெபசீலன் முகம் செத்துப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. நீங்களே போய்க் கூட்டி வாங்க சார் என்றேன்.

"நான் ஏறிட்டா இங்க மறுபடியும் அடிதடிதான். போட் கவுந்துரும்," என்றார்.

கடைசிப் படகில் தபீதாள் வந்தார். முதல் படகிலேயே வந்திருக்க வேண்டியதுதானே என்று ஜெபசீலன் எரிந்து விழுந்தார்.

"அந்தப் பக்கம் யாரு முதல்ல ஏறணும்னு சொல்ல ஆள் வேணாமா? எல்லாரும் போனப்புறம்தான் நான் ஏறினேன்," என்றார் தபீதாள்.

ஜெபசீலன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, தெருவே பார்க்க, டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுதார்.