பெரியப்பா படுத்துக்கொண்ட வாரம்

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா கர்த்தருக்குள் இளைப்பாறி ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா பிறந்தது பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில். எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார். எனக்குப் படிப்பு ஏறவில்லை, அவருக்கு ஏறியது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு புடைவைக் கடையில் துணி மடித்துக்கொண்டே பரீட்சை எழுதினார். ஊழியத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது கடை முதலாளி ஹாஜியார் கோபிக்கவில்லை.

“யாவாரம் ஒங்களுக்கு வராது மகன். சனத்தோட பேச வருது. போங்க, அல்லாஹ் லேசாக்கித் தருவான்” என்று சொல்லி, ஒரு வெள்ளைச் சட்டைத் துணியும் வெட்டிக் கொடுத்தார்.

பிறகு அதே ஊரில் எங்கள் சபைக்குப் போதகராக வந்தார். யார் வீட்டில் சண்டை என்றாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், வெளிநாட்டுப் பயணம் என்றாலும் பாஸ்டர் வர வேண்டும். போகிற வீட்டிலெல்லாம் தேத்தண்ணி. வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. காலையில் சாவு வீட்டில் அழுவார், மாலையில் கல்யாண வீட்டில் சிரிப்பார். “ரெண்டு மொகத்தையும் எந்தப் பையில வச்சிருக்கீங்க அண்ணே?” என்று நான் கேலி செய்வேன். அதற்கும் சிரிப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. சபையில் ஒரு இளம் தாயை அடக்கம் செய்துவிட்டு வந்தவர், சட்டையைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, மத்தவங்களுக்காக ஜெபிச்சா வார்த்த வருது. எனக்காக வாயெடுத்தா ஒன்னும் வரல. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் பழையபடி துணி மடிக்கப் போயிரவா?”

நான் அந்த வாரம் அங்கேயே தங்கிவிட்டேன். அவர் அறைக் கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டார். சாப்பாடும் இறங்கவில்லை.

போதகர் கதவைச் சாத்திச் சாப்பிடாமல் இருந்தால் எங்கள் சனத்துக்கு ஒரே அர்த்தம்தான், உபவாச ஜெபம். பாஸ்டர் பட்டினி கிடக்க நாம் சாப்பிடுவதா என்று எல்லாரும் கிளம்பி வந்து, வீட்டு முன்னறையிலேயே சங்கிலி ஜெபம் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கூட்டம் எழும்ப அடுத்த கூட்டம் முழங்கால் போடும். பாட்டு, கைத்தட்டல், கஞ்சிரா. உள்ளே பெரியப்பா தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கிடந்தார்.

“பாஸ்டர் உள்ள ஆவியில போராடுறாரு போல” என்றார் சபை மூப்பர்.

பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்தார். “போராடுறது ஒங்க கஞ்சிராவோட. மனுசன் கண்ண மூடி எத்தன நாளாச்சு. அவரு உபவாசம் இல்ல அண்ணே, ஒடைஞ்சு போயி கெடக்குறாரு.”

கஞ்சிராவைக் கீழே வைத்தார்கள். கடைசியில் மூப்பர், “அப்ப நாங்க போறோம் பாஸ்டரம்மா” என்று மெதுவாகச் சொன்னார். சத்தம் போடாமல் போகிற அவசரத்தில் செருப்பு மாறி, அதற்கு வாசலில் ஒரு சின்னச் சண்டை, அதுவும் குசுகுசுவென்று. உள்ளே ஏதோ சத்தம் கேட்டு ஓடினேன். பெரியப்பா சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதார். பிறகு தூங்கினார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கண்டியில் மனநல வைத்தியரிடம் நான்தான் கூட்டிப் போனேன், மாத்திரை கொடுத்தார். பாஸ்டருக்கே விசுவாசம் இல்லையா என்று சிலர் பேசினார்கள். அது காதில் விழுந்த ஞாயிறு, பெரியப்பா பிரசங்க மேடையில் நின்று, “சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுறவங்க கையத் தூக்குங்க” என்றார். பாதிச் சபை தூக்கியது. “எனக்கு மனசுக்கு ஒரு குளிசை” என்று தன் கையையும் தூக்கினார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ராஜினாமாவும் எழுதவில்லை. திங்கட்கிழமைகளில் போனைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்து போஞ்சிப் பாத்தி கொத்துவார். கொத்தத் தெரியாது, பாதிச் செடி போய்விடும். உங்கள் அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். இடையிடையே கலகெதரவில் இருந்த ஒரு மூத்த போதகரிடம் போய் வருவார். அங்கே என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன்.

“அவரு எனக்காக ஜெபிப்பாரு. நான் ஆமென் மட்டும் சொல்லுவேன். எவ்வளவு சொகம் தெரியுமா தம்பி.”

அப்படித்தான் இதய வருத்தம் வந்து படுக்கும் வரை மனம் கசக்காமல் ஊழியம் செய்தார். வார்டில்கூடப் பக்கத்துக் கட்டில் சிங்களப் பெரியவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அவருக்காக ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர்களுக்கும், பன்விலவிலிருந்து மழையில் வந்து பெட்டி தூக்கியவர்களுக்கும், சமைத்து அனுப்பிய ஹாஜியார் வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் தலைவணங்குகிறது.

இப்போது சபைக்குப் புதிய போதகர் வந்திருக்கிறார், இளம் வயது. முதல் ஞாயிறே, “எந்த நாளும், எந்த நேரமும் என்னைக் கூப்பிடலாம்” என்றார்.

மூப்பர் எழுந்து நின்றார். “திங்கட்கெழம வேணாம் பாஸ்டர். நாங்க சண்ட புடிச்சாலும் செவ்வாக்கெழம வரைக்கும் தாங்குவோம்.”