மஞ்சள் கார்டுக்கு மெஷின் ஓடாதாம்

மஞ்சள் கார்டுக்காரர்களுக்குத் தோளில் தேய்க்கிற மெஷின் வெறும் டப்பாவாம். விளக்கு எரியுமாம், பீப் என்று கத்துமாம், உள்ளே சரக்கு இல்லையாம். யார் சொன்னது என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் விசாரித்தால் ஆளாளுக்குப் பக்கத்து ஆளைக் கைகாட்டினார்கள். எல்லாரும் தோள்வலி ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் என்பதால் யாரும் கையை முழுசாக நீட்டவில்லை. ஆராய்ச்சியில் சேர்ந்தபோது ஆளுக்கொரு கார்டு கொடுத்திருந்தார்கள், மஞ்சளோ நீலமோ.

கேட்டதும் சீலிங் சட்டைப்பையிலிருந்து தன் கார்டை எடுத்துப் பார்த்தார். சீலிங் என்பது பெஞ்சில் இருந்த ஒரு பெயின்டரின் பட்டப்பெயர். சுவரை எவனும் அடிப்பான், மேல்தளத்தைச் சொட்டு விழாமல் அடிக்க அவர்தான் என்று பேர். வலது தோள் மக்கர் செய்ததிலிருந்து அவருக்கு வாய்த்ததெல்லாம் இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும்தான். ஏணி மச்சானிடம் போய்விட்டது. திங்கட்கிழமை ஒரு பெரிய கூடத்தின் மேல்தளம் காத்திருந்தது. அதை அவரே அடித்தால் ஏணி திரும்பி வரும். இல்லையென்றால் மச்சானிடமே தங்கிவிடும்.

அவரிடம் இருந்தது மஞ்சள் கார்டு. கை என்னவோ நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது, அலமாரியின் மேல்தட்டு வரைக்கும். ஆனால் டப்பாவை நம்பி ஏறிய கை எத்தனை நாள் மேலே நிற்கும்? பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துப் பார்த்தார். குளிக்கும்போது ஷவரைத் தொட்டுப் பார்த்தார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போய்க் கதவு நிலையின் உச்சியைத் தடவினார்.

"ஒட்டடை அடிக்கணும்னா துடைப்பம் தர்றேன்," என்றாள் மனைவி.

தொட்டுத் தொட்டே தோள் மறுபடி வலித்தது. வதந்தி மெய்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இரண்டு டின்னில் எது நல்ல சரக்கு என்று சந்தேகம் வந்தால், சுவரில் அடுத்தடுத்து ஒவ்வொரு பட்டை இழுத்துப் பார்ப்பது பெயின்டர் வழக்கம். அதே வழியில் இறங்கினார். பெஞ்சில் நீலக் கார்டோடு ஒரு பேக்கரிக்காரர் உட்கார்ந்திருந்தார், மாவு பிசைந்து தோள் போனவர்.

"உங்களுக்கு எப்படிண்ணே இருக்கு?"

"வந்து போறதுதான் மிச்சம். தூக்கினா உயிர் போகுது."

"ஒரு வாட்டி கார்டை மாத்திக்குவோமா? இன்னைக்கு உங்களுது எனக்கு, என்னுது உங்களுக்கு."

வதந்தி இன்னும் பேக்கரிக்காரர் காதுக்கு எட்டவில்லை, பெயின்டரின் கை மேலே ஏறுவதை மட்டும் பார்த்திருந்தார். மஞ்சள் கார்டை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். நல்ல இளிச்சவாயன் மாட்டினான் என்று இருவருமே நினைத்தார்கள்.

வழக்கமாக மெஷின் போடும் அக்கா அன்று லீவு. அவருக்குப் பதிலாக வந்த பெண் முகத்தைப் பார்க்கவில்லை, கார்டைத்தான் பார்த்தாள். பேக்கரிக்காரர் மஞ்சள் அறையில் தேய்த்துக்கொண்டு, ஜெல் பளபளக்க வெளியே வந்தார். அடுத்து சீலிங் நீல அறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தார். அந்தப் பெண் தோளில் ஒட்டிக் காய்ந்திருந்த வெள்ளைப் பெயின்ட்டைப் பஞ்சால் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"கார்டுல பேக்கரின்னு போட்டிருக்கு. இது என்ன மாவு அங்கிள், வரவே மாட்டேங்குது?"

"நல்லா வெந்த மாவும்மா."

சந்தேகப்பட்டு அவள் கூப்பிட, ஆராய்ச்சி நடத்தும் டாக்டரம்மாவே வந்துவிட்டார்.

"நீங்க பெயின்டராச்சே? கார்டை மாத்திக்கிட்டீங்களா?" அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பாதிப் பேருக்கு மெஷின் நிஜமா ஓடாது, யாருக்குன்னு சொல்ல மாட்டோம்னு முதல் நாளே வாசிச்சுக் காட்டினேனே. தலையாட்டினீங்களே."

"அப்ப வலிச்சுது டாக்டர். வலியில எதுக்குத்தான் தலையாட்ட மாட்டோம்?"

"இனிமே உங்க ரெண்டு பேர் வலியையும் ஆராய்ச்சியில சேர்க்க முடியாது. கைப்பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க, அது எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"எது டப்பா, அதை மட்டும் சொல்லிடுங்க."

"எனக்கே தெரியாது. எந்தக் கலர் டப்பான்னு எழுதி ஒட்டி வச்ச உறையை எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பிரிப்பாங்க."

திங்கட்கிழமை ஏணியில் ஏறினார். ரோலர் மேலே போனது. வலித்ததா? வலித்த மாதிரியும் இருந்தது, வலியைத் தேடிப் போன மாதிரியும் இருந்தது. ஒரு பட்டை இழுப்பார், நின்று தோளை விசாரிப்பார், அடுத்த பட்டைக்குப் போவார்.

"இறங்குறீங்களா மாமா?" என்றான் கீழே மச்சான், மிகுந்த அக்கறையோடு.

"நீ ஏணியைப் பிடி."

மதியத்துக்குள் பாதி மேல்தளம் முடிந்தது. ஏணியை அவர் விடவில்லை. அப்போது பேக்கரிக்காரர் போன் செய்தார்.

"அண்ணே, டப்பாவோ என்னவோ, உங்க மஞ்சள் பிரமாதம். அன்னையிலிருந்து கை பறக்குது."

"அது சரி, என் நீலம் என்னாச்சு? நீங்க தேய்ச்சுக்கிட்டீங்க, எனக்கு மெஷினையே போடல. ஒரு வாட்டி பாக்கி நிக்குது."

"இனி எப்படிண்ணே? டாக்டரம்மா விடமாட்டாங்களே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. டப்பாவே ஆனாலும் பாக்கி பாக்கிதான்."

அடுப்பில் ரொட்டி கருகுகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று பேக்கரிக்காரர் போனை வைத்தார். இன்னும் பேசவில்லை.