இரண்டு கேரியர், ஒரு சாப்பாடு

மோர்க்குழம்பு எங்கே மணத்தாலும் அந்தக் கடுக்கன்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

அன்று குன்றக்குடி வழியாகப் போகும் பஸ்; என் கையில் என் மதியச் சாப்பாட்டுக் கேரியர். அவர், மனத்தாங்கல் தீர்ந்த சம்பந்தி வீட்டுக்கு முதன்முதலாகச் சாப்பாடு கொண்டுபோனார். பஸ் குதித்த குதியில் அவர் கேரியரின் பிடி ஒடிந்து, அடுக்குகள் மடியில் உருண்டன.

"தம்பி, ரெண்டு சாப்பாட்டையும் உங்க கேரியர்லயே சேத்துருவோம்."

ஒவ்வோர் அடுக்கையும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார். சோற்றோடு சோறு சேர்ந்தது. அவருடைய பொரியல் அடுக்கை வைக்க, என்னுடையதை அப்படியே வெளியே எடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"ரெண்டும் பொரியல்னா ஒண்ணை வீசிருவீகளா? ரெண்டு அடுக்குக்குள்ளயும் கிண்ணத்துல ஊறுகாய் இருக்குல்ல! அதையும் தொறந்து ஊறுகாயோட சேக்கணும்."

குழம்பில்தான் திகைத்தார். அவருடையது புளிக்குழம்பு, என்னுடையது மோர்க்குழம்பு.

"இது ரெண்டும் கலக்காது. ஒண்ணுதான் நிக்கும்."

இரண்டையும் தொட்டு ருசித்தார். பெருமூச்சு விட்டு, தன்னுடையதை மடமடவென்று குடித்துவிட்டார்.

குன்றக்குடி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது: சேர்த்ததை இனி எப்படிப் பிரிப்பது? பசித்த வயிற்றோடு, "நீங்களே கொண்டுபோங்க" என்றேன்.

இறங்கியவர் சன்னலோரம் ஓடி வந்தார்.

"கேரியரை நாளைக்கு இதே பஸ்ல தாரேன். மோர்க்குழம்பு எங்க வீட்டுதுன்னு சொல்லிக்கிடவா, தம்பி?"